அண்ணன் போய்வந்த இடம்

செவிலியர் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். இதயம் நின்றுபோனால் மூளைக்கு என்ன ஆகிறது என்பது அந்தப் பாடத்தில் ஒரு சின்னப் பகுதி. ஆரம்பித்த உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "சார், செத்துப் பொழச்சவங்க வெளிச்சத்தப் பாத்தோம், மேல மெதந்தோம்னு சொல்றாங்களே, அது உண்மையா சார்?" வருடா வருடம் இதே கேள்விதான், கை மட்டும்தான் மாறும்.

நானும் வருடா வருடம் ஒரே பதிலைச் சொல்லிவந்தேன். ரத்தம் குறைந்தால் கண்ணுக்கு ஓரப் பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசியில் போகும், அதைத்தான் சுரங்கம், வெளிச்சம் என்கிறார்கள். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் பகுதி காதுக்கு மேலே மூளையில் இருக்கிறது, அது தடுமாறினால் ஆள் கூரையில் மிதந்து தன்னையே பார்ப்பார். யாரும் எங்கும் போவதில்லை, எல்லாம் மண்டைக்குள்ளேதான் என்று முடிப்பேன். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருக்கும், அதை மறைப்பானேன்.

போன தை மாதம் என் பெரியப்பா மகன் செத்துப் பிழைத்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பெயர் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். பெரியப்பாவுக்கு மகன் பிறந்ததும் தாத்தா பெயரை வைத்தார். நாலு வருடம் கழித்து நான் பிறந்தபோது, அவர் எனக்கும் அப்பன்தானே என்று என் அப்பாவும் அதே பெயரை வைத்தார். ஆக, ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்களைக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அது மாமனார் பெயர், வாயில் வராது. அதனால் அவர் பெரியவன், நான் சின்னவன். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போதுதான் எனக்கே என் பெயர் ஞாபகம் வரும்.

அண்ணன் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் விளாங்குடியில் இருக்கிறேன். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு இருக்கும். ஜல்லிக்கட்டு முடிந்து ரோட்டோரம் கட்டியிருந்த சவுக்குக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை பார்க்கிறவர்கள் அவரை ஒரு ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவின் வாசலில் இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கி, கரண்ட் வைத்து, எப்படியோ திரும்ப ஓடவைத்தார்கள். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, மதினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் பேசினார். மதினி, என் அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம்.

"ரெண்டு பேரு வந்தானுக," என்றார். "மொகம் தெரியல. ஷேர் ஆட்டோவுலதான் கூட்டிட்டுப் போனானுக. எங்கெங்கயோ போயி, ஒரு ஆபீசு. பெஞ்சுல சனம் உக்காந்திருக்கு. எங்காத்தாவும் உக்காந்திருக்கு."

பெரியம்மா போன வருடம்தான் தவறிப்போனார். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"என்னயப் பாத்துச்சு. ஒண்ணும் பேசல. நான் உக்கார நகந்து எடம் விட்டுச்சு. மொகம் நல்லா தெளிவா இருந்துச்சு, கடைசியில கெடந்தாளே அப்பிடி இல்ல." சொல்லும்போது அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "உள்ள ஒருத்தரு பேரு கேட்டாரு. சொன்னேன். எந்த ஊருன்னாரு. சொன்னேன். ஆள் மாறிப்போச்சு, கொண்டு போய் விட்டுட்டு வாங்கன்னாரு. அம்புட்டுத்தான். கண்ணு முழிச்சா நெஞ்சு வலி உசுரு போகுது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, ஒன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்ததே ஷேர் ஆட்டோவுலதான். கடைசியா பாத்தது அதான். மூளை அத வச்சு ஒரு படம் ஓட்டியிருக்கு," என்றேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

கதை வார்டிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து சொந்தபந்தத்துக்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு வார்த்தை கூடத் தேவையில்லை. எமன் அனுப்பிய ஆட்கள் அதே பெயருள்ள வேறு ஒருவரைத் தவறாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும், அதே நேரத்தில் பக்கத்து ஊரில் அந்தப் பெயர்க்காரர் சாய்ந்துவிடுவதும் எந்த ஊரில் கேட்டாலும் கிடைக்கும் கதை. பார்க்க வந்த மாமா ஒருவர் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "ஒரே பேர ரெண்டு பயலுக்கு வச்சா இப்பிடித்தான் கொழப்பம் வரும்," என்று சொல்லிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி சும்மா இருக்கவில்லை. மறுநாளே எனக்கு ஈசிஜி எடுக்க டோக்கன் போட்டுவிட்டாள். ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது.

நான் இதையெல்லாம் ஆசிரியர் அறையில் வேடிக்கையாகச் சொன்னேன். மற்ற தேசத்தில் செத்துப் பிழைத்தவர்களுக்கு வெளிச்சம் வருகிறது, தேவதை வருகிறது. நமக்கு ஆபீசும் பெஞ்சும்தான் வருகிறது, மேலேயும் காத்திருக்கத்தான் வைக்கிறார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மூளைதான் படம் காட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, அவரவர் ஊரில் பார்த்ததுதானே வருகிறது என்றும் சொன்னேன். தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிவரும் சக ஆசிரியர் ஒருவர் சிரிக்கவில்லை. "ரத்தமே போகாத மூளைக்கு இம்புட்டுத் தெளிவா படம் காட்டத் தெம்பு எங்கருந்து சார் வருது?" என்றார். இதயம் நிற்பதற்குச் சற்று முன்போ, திரும்ப ஓட ஆரம்பித்த பிறகோ படம் ஓடியிருக்கலாம், ஆள் முழித்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார் என்றேன். "எப்ப ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எரிச்சலாக இருந்ததால் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பங்குனி வெயில் ஏறிய சமயம் மதினி போன் செய்தார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மாத்திரைகள் ஒட்டிக் கரைந்து கிடந்தனவாம். "வாயில போடுற மாதிரி போட்டுட்டு வெளிய போயித் துப்புறாக தம்பி. கேட்டா பேச மாட்டேங்குறாக. நீங்க வந்து என்னன்னு கேளுங்க."

ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அது. அதை விட்டால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். இது படிக்காதவருக்கும் புரியும், அண்ணனும் புரிந்துகொண்டுதான் செய்தார்.

பட்டறைக்குப் போனேன். மெஷின் ஓடவில்லை. அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், கையில் கிரீஸே இல்லை.

"ஏண்ணே மாத்திரைய முழுங்க மாட்டேங்குற?"

"எனக்கு எதுக்குடா அது."

"சாகணும்னு ஆசையா?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "நான் திரும்பி வந்ததுக்கு ஒருத்தன் போகணும்ல. நான் போயிட்டா சரியாப் போகும். ஒனக்கு இன்னும் மக கல்யாணம் இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எந்த நோயும் இல்லாத என்னைக் காப்பாற்ற, நோயுள்ள மனுஷன் மாத்திரையைத் துப்பிக்கொண்டிருக்கிறார். அந்த ஸ்டூலுக்கு எதிரே நின்று ஒரு முழுப் பாடமே எடுத்தேன். ஆக்சிஜன், கரியமில வாயு, கனவு காணும் நிலை, ஓரப் பார்வை, ஒன்று விடவில்லை. அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ சொல்றது அம்புட்டும் சரியாவே இருக்கட்டும். ஆனா அங்க போயிட்டு வந்தவன் நான். நீ போகலேல்ல?" என்றார். என் மேல் சத்தியம் என்று கையை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "மாத்திரைய நிறுத்துறதா இருந்தா அப்புறம் எங்கிட்ட வராதீங்க," என்று டாக்டரும் சத்தம் போட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து மறுபடியும் துப்பினார்.

மதினி இளைத்துப்போனார். மூன்று வேளையும் அண்ணன் வாயைத் திறந்து பார்ப்பதே வேலையாகப் போய்விட்டது.

வழி சொன்னது என் அம்மாதான். காலையில் கீரை ஆய்ந்துகொண்டே, கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்பதைப் போலச் சொன்னார். "ஒன்னயத் தவிட்டுக்குக் குடுத்துருவோம்."

வீட்டில் பிள்ளைகள் தங்காமல் அடுத்தடுத்து இறந்தால், அடுத்து பிறக்கும் பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. பெயரையும் மாற்றிக் குப்பை, மண் என்று எமன் ஏறெடுத்துப் பார்க்காத பெயராக வைப்பார்கள். அப்படிப் பெயர் உள்ளவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர்.

"அம்மா, எனக்கு ஐம்பது வயசு தாண்டிருச்சு. வழுக்கை விழுந்துருச்சு."

"விழுந்தா என்ன? பெத்தவ நான். நான் விப்பேன்."

"நான் காலேஜுல மூளையப் பத்திப் பாடம் எடுக்குறவன்மா."

"எடு. யாரு வேணாங்குறா? வெள்ளிக்கிழமை லீவு போடு."

போட்டேன். படித்த படிப்பை எல்லாம் கொட்டிப் பார்த்தும் ஒரு மாத்திரை தொண்டைக்குள் இறங்கவில்லை. ஒரு படி தவிட்டால் இறங்குமென்றால் இறங்கட்டுமே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவமானமாகவும் இருந்தது.

வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நான், அம்மா, அண்ணன், மதினி. மாட்டுத்தீவனக் கடையில் மதினி தவிடு வாங்கி வந்திருந்தார். பூசாரி முறத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய எங்க?" என்றார். அம்மா என்னைக் காட்டினார். பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளைக்குப் பால்குடி மறந்துருச்சா?" என்று கேட்டார். மதினி அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். முறத்தில் படுக்க முடியாது என்பதால் சப்பணம் போட்டு உட்காரச் சொல்லி முறத்தை மடியில் வைத்தார்கள். தூணருகே நின்றிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவிகளாக இருக்கக் கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டேன், அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

அம்மா சடங்கை விளையாட்டாகச் செய்யவில்லை. "இது எம்பிள்ளை இல்ல. தவிட்டுக்குக் குடுத்துட்டேன்," என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் குரல் கம்மியது. மூன்றாவது தரம் சொல்ல முடியாமல் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பூசாரி, "சொல்லுங்கம்மா," என்றார். சொன்னார். மதினி தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு என் கையைப் பிடித்து, "எம்பிள்ளை," என்றார். புதுப் பெயர் ஒன்றை என் காதில் சொன்னார்கள். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

சடங்கு முடிந்து ரோட்டைத் தாண்டித் தெப்பக்குளக் கரைக்கு வந்து உட்கார்ந்தோம். கட்டிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் மதினி மாத்திரையை உரித்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தார். "இப்பத்தான் தம்பிக்குப் பேரும் மாறி, பெத்தவளும் மாறியாச்சே. இனி யாரும் அவுகளத் தேட மாட்டாக. முழுங்குங்க," என்றார். தவிட்டை ஏதாவது மாட்டுக்குப் போட வேண்டும் என்பதால் அம்மாவும் அவரும் எழுந்து போனார்கள்.

அண்ணன் மாத்திரையை வாயில் போடவில்லை. கையை மூடிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னண்ணே? என்னய வித்தே போட்டாங்க."

"வித்தது நல்லதுதான்," என்றார். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பொய் சொன்னேன்டா," என்றார்.

"என்ன பொய்?"

"அந்தாளு ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லவே இல்ல. பேரக் கேட்டாரு, சொன்னேன். சரி உள்ள வான்னாரு. எனக்கு ஒதறலெடுத்துப் போச்சு. இதே பேருல இன்னொருத்தன் இருக்கான், வெளாங்குடியில, காலேஜு வாத்தியாரு, அவனா இருக்கும், அவனப் போயிக் கூட்டியாங்கன்னு சொன்னேன். நாந்தான்டா சொன்னேன். ஆத்தா பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒன் வீட்டுக்கு வழிகூடச் சொன்னேன்."

"வழியுமா?"

"ரைஸ் மில்லுக்கு அடுத்த சந்துன்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இல்லாத ஓர் இடத்தில், இல்லாத ஓர் ஆளிடம் என் விலாசத்தைச் சொன்னதற்கு ஏன் கோபம் வர வேண்டும்? வந்தது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன மனுஷன், தெரு அடையாளம்வரை சொல்லி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று மனசு வலித்தது. அந்தக் கொஞ்ச நேரம் நான் அந்த ஆபீசை முழுசாக நம்பினேன். அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். மூடிய விரல்களின் இடுக்கில் மாத்திரையின் சாயம் வியர்வையில் கசிந்திருந்தது.

"அண்ணே, அத நீ சொல்லல," என்றேன்.

"பின்ன யாரு சொன்னா?"

"மூளை. ரத்தம் போகாம தத்தளிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கு. பயத்துல வாய்க்கு வந்தத ஒளறியிருக்கு. காய்ச்சல்ல பெனாத்துறவன அடிக்கவா செய்றோம்?"

இத்தனை நாளும் இதையே நான் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாதவர், இப்போது முழுக்க என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நெசமாவா? அந்த ஆபீசு, அந்தாளு, அம்புட்டும் மூளைதானா?"

"ஆமாண்ணே. அப்பிடி ஒரு எடமே இல்ல."

"நீ அடிச்சுச் சொல்றியா?"

வகுப்பில் யாராவது இப்படி அடித்துச் சொல்லக் கேட்டிருந்தால் இது இன்னும் முடிவாகாத விஷயம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பேன். "அடிச்சுச் சொல்றேன்," என்றேன்.

அவர் மெதுவாக, "அப்ப எங்காத்தாவும் அங்க இல்லையா?" என்று கேட்டார்.

அதை மட்டும் விட்டுவைக்க முடியாதா என்று யோசித்தேன். முடியாது. பெரியம்மா அந்த பெஞ்சில் இருந்தால் அண்ணன் சொன்ன சொல்லும் இருக்கிறது. "இல்லண்ணே," என்றேன். "பெரியம்மாவும் இல்ல."

அண்ணன் அழுதார். பட்டறைக்காரர், ஊரில் ஒருவரும் அவர் அழுது பார்த்ததில்லை. தோள் குலுங்க, சத்தமில்லாமல், மாத்திரை இருந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் முதுகில் கை வைத்தேன்.

"அங்க பேசுனது நான் இல்ல, மூளைங்குற," என்றார். "அப்ப இங்க ஒம்பக்கத்துல ஒக்காந்து அழுகுறது யாருடா?"

"அது நீதாண்ணே," என்றேன்.

என் மாணவிகள் யாராவது கேட்டிருந்தால் இது எப்படி சார் நியாயம் என்று அங்கேயே பிடித்திருப்பார்கள். அண்ணன் பிடிக்கவில்லை. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, பாதி கரைந்திருந்த மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலுக்காக என்னிடம் கையை நீட்டினார்.